வெம்பன்யாமா, ஹோம்கிரென்: முதல் பருவத்தை அளப்பது எப்படி?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இருவருக்கும் முதல் பருவம் 2023-24. அதில் விக்டர் வெம்பன்யாமாவின் ஆட்டச் சராசரி 21.4 புள்ளி, 3.6 பிளாக் (எதிரணி வீச்சைத் தடுப்பது), செட் ஹோம்கிரெனுக்கு 16.5, 2.3. இதோடு நிறுத்தினால் தப்புக்கணக்குதான்.

மூன்று புள்ளி வீச்சில் ஹோம்கிரென் 37 சதவீதம், வெம்பன்யாமா 32.5. ஆனால் ஹோம்கிரெனின் ஓக்லஹோமா அணியில் நட்சத்திர வீரர் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் தடுப்பாளர்களை உள்ளே இழுத்துவிடுவார். ஹோம்கிரெனுக்கு நின்று வீச நேரம் கிடைக்கும். வெம்பன்யாமாவின் சான் அன்டோனியோ அணியில் அப்போது அப்படியொரு ஆள் இல்லை. வெம்பன்யாமா தானே பந்தைத் தட்டிவந்து வீசினார், ஆட்டத்துக்கு 3.7 டர்ன்ஓவருக்கு (பந்தை எதிரணியிடம் இழப்பது) அதுவும் காரணம். போதாக்குறைக்கு, தொடக்கத்தில் சென்டர் (கூடையருகே ஆடுபவர்) ஜாக் காலின்ஸோடு பவர் ஃபார்வர்டாக ஆடவிட்டு, கூடையிலிருந்து தள்ளியே வைத்தார்கள். டிசம்பரில்தான் சென்டராக ஆடவிட்டார்கள். அதற்கு முன், பின் என்று எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாதக் காயத்தால் முந்தைய பருவத்தையே இழந்த ஹோம்கிரென் 82 ஆட்டமும் ஆடியது பெரிய விஷயம். ரீபவுண்டில்தான் (தவறிய வீச்சில் பந்தைப் பிடிப்பது) இடிக்கிறது: சராசரி 7.9. கனத்த சென்டர்கள் தள்ளினால் இடம் போய்விடும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 2024இல் அணி சென்டர் ஐசையா ஹார்டன்ஸ்டைனை எடுத்தது.