28 த்ரெட் ஸியோனா, 12 த்ரெட் ரைசனா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பாவித்த கணினி விற்பவர்களின் விளம்பரங்களில் ஒன்று அடிக்கடி கண்ணில் படும்: “கேமிங் பிசி, 14 கோர், 28 த்ரெட், 32 ஜிபி ரேம்.” பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். அதில் ஆறு கோர், 12 த்ரெட், 16 ஜிபி. விலை மட்டும் கூட. (கோர் என்பது கணினியின் மூளையான சிப்புக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி, த்ரெட் என்பது அவை ஒரே நேரத்தில் எடுத்து ஓட்டும் வேலை வரிசை.) எண்களை மட்டும் பார்த்தால் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை யார் வாங்குவார்கள்?

முதலாவது பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது இன்டெல் ஸியோன் ஈ5-2680 வி4. 2016இல் சேர்வர்களுக்கென்று வந்த சிப். வெளிநாட்டு டேட்டா சென்டர்கள் இயந்திரங்களை மாற்றும்போது இவை மொத்தமாகக் கழற்றப்பட்டு, சீனத் தயாரிப்பான ‘எக்ஸ்99’ மதர்போர்டுகளில் ஏறி இங்கே வருகின்றன. இரண்டாவதில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 இருக்கும், அல்லது இன்டெல் ஐ5-12400. இரண்டுமே 2022இல் வந்தவை. கேம் விளையாடவும் கல்யாண வீடியோ எடிட் பண்ணவும் வாங்குகிற ஒருவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவது பொருந்துகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஸியோனின் வேகம் அடிப்படையில் 2.4 கிகாஹேர்ட்ஸ், உச்சத்தில் 3.3. அந்த 3.3உம் ஓரிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போதுதான். 5600 அடிப்படையில் 3.5, உச்சத்தில் 4.4. வித்தியாசம் இவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. 5600இன் ஸென் 3 வடிவமைப்பு 2020இல் வந்தது. ஒரே கிகாஹேர்ட்ஸில் ஓடவிட்டாலும் ஸியோனுக்குள் இருக்கும் பழைய பிராட்வெல் கோரைவிட அது கூட வேலை முடிக்கும். கூடிய வேகத்தோடு அதையும் சேர்த்தால், ஒரு கோருக்கு ஒரு கோர் என்று பார்க்கும்போது ஸியோன் கிட்டவே வராது.

கேமில் என்ன நடக்கிறது

செக்கனுக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கியிருந்தால் வெறும் 6.9. அந்த நேரத்துக்குள் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டு கிராஃபிக் கார்டுக்குக் கொடுத்தாக வேண்டும். இந்த வேலையின் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது; ஒன்று முடியாமல் மற்றது தொடங்காது. வேளாண்மை வெட்டுக்கு இருபது பேர் இறங்கினால் வயல் சீக்கிரம் முடியும். அதே இருபது பேரும் ஒற்றை வரம்பில் வரிசையாக நடந்தால், முன்னால் போகிறவரின் நடைதான் எல்லாருக்கும் நடை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸியோன் கணினியில் பப்ஜி ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியூ படத்தை லொஜிக்கல் புரொசசர்களாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 28 சின்னக் கட்டங்கள் வரும். ஒன்றிரண்டு உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கும், மற்றவை பாதிக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும், சில அசையவே அசையாது. மொத்தப் பாவனை கால்வாசி என்று காட்டும், கேமோ தடக்குப்படும். வெட்டவெளியில் ஓடும்போது தெரியாது. ஆட்கள் குவியும் இடத்தில் போய் இறங்கினால் தெரியும்.

ஸியோன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. உங்களிடம் இருப்பது 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரும் ஆர்எக்ஸ் 580 போன்ற பழைய கார்டும் என்றால், பல கேம்களில் முதலில் மூச்சு வாங்குவது கார்டுதான். சிப்பை மாற்றினாலும் பெரிதாக எதுவும் மாறாது. பிரச்சினை, பிறகு நல்ல கார்டொன்று போட்டதும் தொடங்கும். அப்போது இந்தச் சிப் கார்டைப் பிடித்து இழுக்கும்.

கோர் எண்ணிக்கை கேமுக்கு எவ்வளவு உதவாது என்பதற்குப் பெரிய இடத்து உதாரணம் ஏஎம்டியிடமே இருக்கிறது. எபிக் 7742 என்ற சேர்வர் சிப்பில் 64 கோர், உச்ச வேகம் 3.4. ரைசன் 7 5800எக்ஸ்3டியில் எட்டே கோர், ஆனால் மூன்றாம் நிலை கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 96 எம்பி. கேமில் இந்த எட்டுக் கோர்ச் சிப் அந்த 64ஐச் சிரமமே இல்லாமல் முந்தும். பிறகு வந்த 7800எக்ஸ்3டியும் 9800எக்ஸ்3டியும் எட்டுக் கோரோடுதான் நிற்கின்றன. கேமுக்கென்று காசு கொட்டுகிறவர்கள் கொட்டுவது கேஷில்.

இன்னொரு சிக்கல் வேகத்தோடு சம்பந்தமில்லாதது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் சிப்களின் பட்டியல் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஈ5 வி4 அதில் இல்லை. சுற்றுவழியில் ஏற்றலாம், ஏற்றித்தான் விற்கிறார்கள். ஆனால் வலரன்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருக்கின்றனவா என்று பார்க்கும். மலிவு எக்ஸ்99 போர்டில் இது ஒழுங்காக வேலை செய்வது அரிது. வாங்கிய அன்று எல்லாம் ஓடும், ஒரு அப்டேட்டோடு பிள்ளையின் கேம் மட்டும் திறக்காது.

எடிட்டிங், வரைபடம், ரெண்டர்

வேர்க்ஸ்டேஷன், அதாவது பாரமான வேலைக்கான கணினி என்றதும் சேர்வர் சிப்தான் வெல்லும் என்று பலர் நம்புகிறார்கள். என்ன வேலை என்பதைப் பொறுத்தது.

இங்கே அதிகம் நடக்கும் பாரமான வேலை கல்யாண வீடியோ. ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, “28 த்ரெட் எண்டு காட்டுது தம்பி, டைம்லைன் ஏன் இந்த இழுவை இழுக்குது?” கெமரா தரும் எச்.264, எச்.265 கோப்புகளை விரித்துக் காட்டுவதற்கென்று இன்டெல் டெஸ்க்டொப் சிப்களின் கிராஃபிக்ஸ் பகுதிக்குள் குயிக் சிங்க் என்ற தனி வன்பொருள் இருக்கிறது. இந்த ஸியோன்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. இப்போதைய கெமராக்கள் எடுக்கும், நிற விவரம் கூடிய 10-பிட் 4:2:2 எச்.265 என்றால் இன்னும் மோசம். அதை வன்பொருளில் விரிக்கும் வசதி இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல் இருக்கிறது. என்விடியாவிலோ ஆர்டிஎக்ஸ் 50 தொடரில்தான் வந்தது. ஆகவே எடிட்டிங்தான் பிழைப்பு என்றால் 5600ஐயும் ஒதுக்கிவிட்டு ஐ5-12400 எடுங்கள். பின்னால் ‘எஃப்’ எழுத்து இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். 12400எஃப் சில ஆயிரம் குறைவாக இருக்கும், ஆனால் அதில் கிராஃபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டிருக்கும். 5600இலும் அது இல்லை. கடையில் “ரெண்டும் ஒண்டுதான்” என்று சொன்னால் கேமுக்கு மட்டும் அது உண்மை.

ஒலுவிலில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஓட்டோகேட், ரெவிட் என்ற வரைபட மென்பொருள்கள். இரண்டிலுமே அன்றாட வேலையின் பெரும்பகுதி ஒரே கோரில்தான் நடக்கிறது. நாலு கோர் ஐ3-12100 கூட இந்த 14 கோரைவிடச் சுறுசுறுப்பாகத் தெரியும்.

ரெண்டர் வேறு விடயம். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில், காட்சியைப் படமாக்கும் சைக்கிள்ஸ் ரெண்டரைச் சிபியூவில் ஓடவிட்டால் 28 கட்டங்களும் உச்சிக்குப் போகும். ஸியோன் தன் காசைச் சம்பாதிக்கும் இடம் அது. அங்கே கூட அது ஆறு கோர் 5600ஐவிடக் கொஞ்சம் முன்னே நிற்குமே தவிர, இரண்டு மடங்கெல்லாம் இல்லை. எட்டுக் கோர் 5700எக்ஸ் வந்தால் அந்த முன்னிலையும் போய்விடும். நல்ல ஆர்டிஎக்ஸ் கார்ட் கையில் இருந்தால் ரெண்டரை யாரும் சிபியூவில் விடப்போவதும் இல்லை.

சரி, ஸியோன் யாருக்கு? ரேம் நிறைய வேண்டியவர்களுக்கு. நெட்வேர்க்கிங் படித்துக்கொண்டு ஒரே கணினிக்குள் ஏழெட்டு வேர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் ஆன கணினி) ஓட்டுகிறவர், பெரிய தரவுத்தொகுதிகளோடு மல்லுக்கட்டுகிற ஆய்வு மாணவர், அலுவலகத்துக்கு ஒரு கோப்புச் சேர்வர் வைக்க நினைப்பவர். ரைசன் 5000 தொடரில் ரேமுக்கும் சிப்புக்கும் இடையே இரண்டு சனல் (தரவுப் பாதை), அதிகபட்சம் 128 ஜிபி. ஈ5 வி4க்கு நாலு சனல். சேர்வர்களில் கழற்றி வந்த ஈசிசி ரெஜிஸ்டர்ட் ரேமை ஏற்கும், அது பொதுவாகப் புது டெஸ்க்டொப் ரேமைவிட மலிவு. (அந்த ரேம் சாதாரண டெஸ்க்டொப் போர்டில் வேலை செய்யாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ரேமை மட்டும் வாங்கிவிட வேண்டாம்.) கிராஃபிக் கார்ட் போன்றவற்றைச் சிப்போடு இணைக்கும் பிசிஐஇ பாதைகளும் 40 இருக்கின்றன, 5600இல் 24. இரண்டு கிராஃபிக் கார்ட் போட்டு வீட்டிலேயே ஏஐ மொடல் ஓட்டிப் பார்க்கிறவருக்கு இது உதவும்.

போர்டும் கரண்டும்

சிப் சாகாது. சாவது போர்ட். அந்த எக்ஸ்99 போர்டுகளில் பலவற்றில் உண்மையான எக்ஸ்99 சிப்செட்டே (போர்டின் மற்றப் பாகங்களைச் சிப்போடு சேர்க்கும் துணைச் சிப்) இல்லை, பழைய டெஸ்க்டொப் போர்டுகளிலிருந்து கழற்றிய பி85, எச்81, கியூ87 போன்றவை பொருத்தப்பட்டிருக்கும். போர்ட் போனால் மட்டக்களப்பில் மாற்று எடுக்க முடியாது. கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள யூனிட்டி பிளாசா வரை தேடி, பிறகு பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். ஸ்டூடியோக்காரருக்குக் கல்யாண மாதத்தில் அது நடந்தால் நட்டம் கணினி விலையைத் தாண்டும். 5600இன் ஏஎம்4 போர்ட் எந்த ஊரிலும் கிடைக்கும். அதே போர்டில் பிறகு 5800எக்ஸ்3டி போன்ற சிப்பும் ஏறும். ஈ5 வி4தான் எக்ஸ்99 போர்டில் சிப் பொருந்தும் சொக்கெட்டின் கடைசித் தலைமுறை; கோரைக் கூட்டலாமே தவிர வேகம் பெரிதாகக் கூடாது.

மின்சாரம் இன்னொரு பக்கம். ஸியோன் 120 வாட்ஸ், 5600 65 வாட்ஸ் என்பது பெட்டிக் கணக்கு. சும்மா நிற்கும்போதும் பழைய தளம் கூடத்தான் உறிஞ்சும். சுவரில் 100 வாட்ஸ் வித்தியாசம் என்று வைத்து, நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் 24 அலகு. நம் கட்டண முறையில் அலகு கூடக்கூட ஒவ்வொரு அலகின் விலையும் ஏறுவதால், ஏற்கெனவே மேல்படியில் இருக்கும் வீட்டுக்கு இது நன்றாகவே கடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த வாட்ஸ் எல்லாம் அறைக்குள் சூடாக இறங்கும். மாரியில் இடிமின்னலுக்கும் மின்வெட்டுக்கும் யூபிஎஸ் வைப்பீர்கள். 650 விஏ யூபிஎஸ் தாங்குவது ஏறத்தாழ 360 முதல் 390 வாட்ஸ். ஸியோனும் பழைய பெரிய கார்டும் சேர்ந்தால் அதற்கு மேல் போய்விடலாம்.

இவ்வளவும் வாசித்த பிறகும் ஸியோன்தான் வேண்டும் என்றால், சீனப் போர்டை விட்டுவிட்டு பாவித்த எச்பி இசட்440 அல்லது டெல் பிரிசிஷன் 5810 தேடுங்கள். அதே சொக்கெட், ஆனால் கம்பனி செய்த முழு இயந்திரம். கேமும் இடைக்கிடை விளையாடுவீர்கள் என்றால் சிப்பை ஈ5-1650 வி4 ஆக எடுக்கலாம். ஆறு கோர்தான், ஆனால் 4.0 கிகாஹேர்ட்ஸ் வரை போகும்.

எக்ஸ்99 பெட்டியையே பார்க்கப் போகிறீர்களா? சிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து ரேம் எத்தனை சனலில் ஓடுகிறது என்று பாருங்கள். 32 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டு விற்றால் நாலு சனலில் மூன்று சும்மா கிடக்கும். அப்புறம் கணினியை ஸ்லீப்பில் போட்டு எழுப்பச் சொல்லுங்கள். மலிவுப் போர்டுகளில் பல அங்கேயே படுத்துவிடும்.