மஸில் கார் மாடலின் பளபளப்பு: ஃபாயிலா, குரோம் பேனாவா, ஏர்பிரஷ்ஷா?

1/25 அளவில், 1969 டாட்ஜ் சார்ஜர் என்ற அமெரிக்க மஸில் காரின் (வலுவான என்ஜின் கொண்ட வேகக் கார்) பிளாஸ்டிக் மாடலைக் கட்டி, பாடியை முகம் தெரியும் அளவுக்கு பாலிஷ் செய்த பிறகும் அது பொம்மை போலவே நிற்கிறதா? பெரும்பாலும் தவறு பெயின்ட்டில் இருக்காது. பம்பரும் ஜன்னல் ஓரப் பட்டையும் ஒரே வெள்ளியில் மின்னிக்கொண்டிருக்கும்.

அசல் காரில் இவை இரண்டும் வெவ்வேறு உலோகம். பம்பர் என்பது குரோம் முலாம் பூசிய இரும்பு. அதில் வானமும் தரையும் கறுப்பும் வெளுப்புமாகப் பிரதிபலிக்கும். முன் கண்ணாடி, பின் கண்ணாடியைச் சுற்றிய பட்டைகள் பெரும்பாலும் பாலிஷ் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ அலுமினியமோ. அவற்றின் ஒளி கொஞ்சம் வெளிறியது, மென்மையானது. கீழே சொல்லும் மூன்று முறைகளில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. எந்தப் பாகம், அசலில் அது என்ன உலோகம் என்று பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபாயில்: ஜன்னல் பட்டைக்கு இதற்கு நிகர் இல்லை

பேர்-மெட்டல் ஃபாயில் என்பது பின்புறம் பசையுள்ள, மிக மெல்லிய அலுமினியத் தாள். அது உண்மையான உலோகம் என்பதால் ஸ்டெயின்லெஸ் பட்டையின் ஒளி அப்படியே வருகிறது. காரில் 25 மி.மீ. அகலமுள்ள பட்டை 1/25 மாடலில் வெறும் 1 மி.மீ. தான். கூரையோர மழைநீர்க் காடி அதைவிடவும் ஒல்லி. அந்த அகலத்தில் பிசிறில்லாத நேர்க்கோடு வேண்டுமென்றால் பிளேடால் வெட்டியதுபோல் பிரஷ்ஷால் வராது.

வேலை பெயின்ட்டுக்கு முன்பே தொடங்குகிறது. கிட்டில் (பாகங்களாக வரும் மாடல் பெட்டியில்) வார்த்திருக்கும் பட்டையின் விளிம்பு மழுங்கலாக இருக்கும். பிரைமர் (அடிப்பூச்சு), கலர், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என்று மூன்று அடுக்கு ஏறியதும் அது இன்னும் கரைந்துபோகும். பிறகு பிளேடு எதைப் பிடித்துக்கொண்டு போகும்? அதனால் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும்போதே, பிளேடின் முதுகாலோ ஸ்கிரைபராலோ பட்டையின் இரு ஓரத்திலும் இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்துக் கோட்டை ஆழமாக்கிவிடுங்கள். ஃபாயில் ஒட்டத் தெரியவில்லை என்று கைவிடுபவர்கள் பலரும் உண்மையில் இந்தப் படியைத்தான் விட்டிருப்பார்கள்.

கலர், கிளியர், பாலிஷ் எல்லாம் முடிந்து பெயின்ட் நன்றாக இறுகிய பிறகுதான் ஃபாயில். சீக்கிரம் உலரும் லேக்கர் பெயின்ட்டுக்குச் சில நாட்கள் போதும். மெதுவாக இறுகும் எனாமல் பெயின்ட்டுக்கு இரண்டு வாரமாவது கொடுங்கள். இறுகாத பெயின்ட்டில் ஒட்டிய ஃபாயிலை உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

பட்டையைவிட இருபுறமும் 2 அல்லது 3 மி.மீ. கூடுதலாகத் துண்டு வெட்டி, ட்வீசரால் தூக்கி, இழுக்காமல் மேலே படுக்க வையுங்கள். பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். பிறகு சீவிய பல்குச்சியால் இரு ஓரத்துப் பள்ளத்திலும் அழுத்துங்கள். இப்போது கோடு தெளிவாகத் தெரியும். புதிய 11-ஆம் எண் பிளேடை (கூர்முனை ஹாபி கத்தியின் பிளேடு) அந்தக் கோட்டில் வைத்து, பிளேடின் எடை மட்டும் விழும்படி இழுங்கள். அழுத்தினால் கிளியரைத் தாண்டி கலர் வரை கீறல் இறங்கும், அதை மறைக்க வழியில்லை. பிளேடு மழுங்கினால் ஃபாயில் வெட்டுப்படாமல் சுருண்டு கிழியும். ஒரு கண்ணாடியின் சுற்றுப்பட்டை முடிந்ததும் பிளேடை மாற்றிவிடுங்கள். மிச்சமிருக்கும் பசைக்கறையை லைட்டர் பெட்ரோல் தொட்ட பஞ்சால் லேசாகத் துடைத்தால் போய்விடும்.

முன் கண்ணாடியைச் சுற்றி ஒரே துண்டாக ஒட்ட முயல வேண்டாம். மேலே ஒன்று, பக்கங்களுக்கு ஒவ்வொன்று, கீழே ஒன்று என நான்கு துண்டாக ஒட்டி, மூலையில் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறவிடுங்கள். அசல் காரிலும் பட்டைகள் மூலையில்தான் சந்திக்கின்றன, ஆகவே அந்த இணைப்பு குறையாகத் தெரியாது. கதவின் இடைவெளியைக் கடந்து போகும் பட்டையை அந்த இடத்தில் வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் கதவைப் பட்டையோடு சேர்த்துத் தைத்தது போலிருக்கும்.

ஃபாயில் தோற்கும் இடம் இரு திசையிலும் வளையும் பரப்பு: பம்பர் முனை, பக்கவாட்டு மிரரின் கிண்ணம். அங்கே சுருக்கம் விழுந்தே தீரும். பழைய தாளும் தொல்லைதான், அடித்தாளிலிருந்து உரிக்கும்போதே கிழியும். தட்டையாக, காற்றுப்புகாத உறையில் வையுங்கள்.

சமையலறை அலுமினியத் தாளை மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் ஃபாயில் பசையோடு பயன்படுத்துபவர்களும் உண்டு. செலவு குறைவு, ஒளியும் கூடுதல். ஆனால் தாள் விறைப்பானது. நேரான அடிப்பட்டைக்குச் சரி, வளைவில் படியாது.

குரோம் பேனா: சின்னஞ்சிறு இடங்களுக்கு

மோலோடோவ் லிக்விட் குரோம் என்பது ஆல்கஹால் கலந்த மை. 1, 2, 4 மி.மீ. முனைகளில் பேனா கிடைக்கிறது. கதவுப் பிடி, வைப்பர் கை, ஹெட்லைட் வளையம், டேஷ்போர்டு மீட்டரின் விளிம்பு போன்றவற்றில் ஃபாயிலோடு மல்லுக்கட்டுவது வீண். கொஞ்சம் மையை மூடியில் விட்டு, மெல்லிய பிரஷ்ஷாலோ பல்குச்சியாலோ தொட்டு வைத்தால் தானாகப் பரவிச் சமமாகும்.

பரவும்போது மறுபடி தொடாதீர்கள். பாதி காய்ந்த மையின்மேல் இன்னொரு முறை பிரஷ் போனால் அந்தத் தடம் சாம்பல் நிறமாக நின்றுவிடும். தவறினால் முழுதாகத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பதே வழி. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு இதற்குப் போதும். ஆனால் பாடி டாமியாவின் எக்ஸ் வரிசை அக்ரிலிக்கில் பெயின்ட் செய்யப்பட்டிருந்தால் கவனம், அதே ஆல்கஹால் அந்தப் பெயின்ட்டையும் கரைக்கும்.

இதன் பெரிய பலவீனம் மேற்பரப்பு. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், ஆனால் பல நாள் கழித்தும் விரல் பட்ட இடம் மங்கும். மேலே லேக்கர் கிளியர் அடித்தால் கண்ணாடி ஒளி போய் வெறும் அலுமினிய பெயின்ட் போலாகிவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டினால் உரிந்து வரும். ஆகவே மாடலில் கடைசியாகச் செய்யும் வேலை இதுவாக இருக்கட்டும். நீளமான ஜன்னல் பட்டைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓரம் அலையடிக்கும், ஒளியும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மிஞ்சிய ஒளி.

ஏர்பிரஷ்: பம்பருக்கு

கிட்டோடு வரும் குரோம் பாகங்களை அப்படியே ஒட்டலாமே என்று தோன்றும். ஆனால் ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்தில் வெற்று பிளாஸ்டிக் தெரியும். வார்ப்பின் இணைப்புக் கோடு பல சமயம் பம்பரின் நடுவிலேயே ஓடும். அதைத் தேய்த்தால் குரோமும் போய்விடும். ஆகவே முழுதாக நீக்கிவிட்டு, ஏர்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் சிறு கருவி) திரும்பப் பூசுவதே சுத்தமான வழி.

வீட்டு பிளீச்சில் ஊறவைத்தால் குரோம் கரையும். கிட்டைப் பொறுத்துச் சில நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். பிளீச்சில் ஆசிட்டோ வேறு கிளீனரோ ஒருபோதும் கலக்கக் கூடாது. குரோம் போன பிறகும் அடியில் ஒரு வார்னிஷ் அடுக்கு மிஞ்சும். அதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுண் விவரங்கள் மொழுக்கென்றே இருக்கும்.

அடுத்து, அந்த இணைப்புக் கோட்டைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பளபளக்கும் கறுப்பு. அதன்மேல் அடிக்கும் அல்கிளாட் II குரோம் பெயின்ட் காட்டும் ஒளியில் பெரும்பங்கு இந்தக் கறுப்பிலிருந்துதான் வருகிறது. கறுப்பில் ஒரு தூசி இருந்தால் குரோமில் அது மேடாகத் தெரியும். கறுப்பு நன்றாக இறுகட்டும், அவசரப்பட்டால் மேலே அடிப்பது மங்கும். பிறகு 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 5 முதல் 7 செ.மீ. தூரத்தில், பனி படிவதுபோல் மிக மெல்லிய அடுக்குகள். கறுப்பு முழுவதும் மறைவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு அடுக்கு அடிக்கலாம் என்ற ஆசைதான் பலரைக் கெடுக்கிறது. அந்த ஒரு அடுக்கில் கண்ணாடி சாதாரண வெள்ளியாக மாறிவிடும். அடியில் கறுப்பு சற்றே எட்டிப்பார்ப்பதால்தான் அசல் பம்பரின் அந்த இருண்ட பிரதிபலிப்பு கிடைக்கிறது.

கிரில்லைச் சுற்றி முழு வளையமாகப் பம்பர் ஓடும் 1970 சார்ஜருக்கு இந்த முறைதான். அந்த வளைவில் ஃபாயில் படியாது, பேனா சமமாகப் பரவாது. மாறாக, 1968 பான்டியாக் ஜிடிஓவில் முன் பம்பரே பாடி நிறம். அந்த ஆண்டு அறிமுகமான, இடித்தால் வளைந்துகொடுக்கும் எண்டுரா பம்பர் அது. அங்கே குரோம் பின்பக்கம் மட்டும். ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்கு அது நல்ல தேர்வு. அதே 1968-இல் மலிவு மஸில் காராக வந்த பிளிமத் ரோட் ரன்னரில் அலங்காரமே குறைவு. ஃபாயில் வேலையைப் பழக அதைவிட எளிய பாடி இல்லை.

எழுத்துச் சின்னங்கள்

மட்கார்டிலும் டிக்கியிலும் எழும்பி நிற்கும் பெயர் எழுத்துகள் அரை மி.மீ. கூட இருக்காது. பேனா மை எழுத்துகளின் இடுக்கில் வழிந்து நிரம்பிவிடும். இங்கே ஃபாயிலைத் தலைகீழ் வரிசையில் பயன்படுத்த வேண்டும். பிரைமருக்குப் பிறகு, கலருக்கு முன்பே, எழுத்தின்மேல் ஒரு சிறு துண்டு ஃபாயில் ஒட்டி, ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் பல்குச்சியால் அழுத்திப் படியவையுங்கள். ஓரத்தை நெருக்கமாக வெட்டிவிட்டு, வழக்கம்போல் கலர் அடியுங்கள். கலர் காய்ந்ததும், தட்டையான குச்சியில் சுற்றிய துணியைத் தின்னரில் தொட்டு, ஏறக்குறைய உலரும்வரை ஒற்றிவிட்டு, எழுத்துகளின் உச்சியை மட்டும் ஒரே திசையில் தடவுங்கள். உச்சியிலிருக்கும் கலர் போய், அடியிலுள்ள உலோகம் எழுத்தாக எழும். துணி ஈரமாக இருந்தால் எழுத்தைச் சுற்றியுள்ள கலரும் கரைந்துவிடும், ஆகவே பத்து தடவை தடவினாலும் பரவாயில்லை, துணி உலர்ந்தே இருக்கட்டும். அதன்பிறகு எல்லாவற்றின்மேலும் கிளியர் அடிக்கலாம், ஃபாயில் மங்காது.