கும்பகோணத்துப் பட்டறையில் ஒரு பிடிபி-11/23

மகாமகக் குளத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு மாடியின் இரண்டு அறைகளில் நடக்கும் மின்னணுப் பழுதுபார்ப்புப் பட்டறையைப் பற்றிய என் அனுபவம் இது. அரிசி ஆலைகளின் கன்ட்ரோல் போர்டும் இன்வெர்ட்டரும் வெல்டிங் மெஷினுமே அங்கு அன்றாட வேலை. நான் கொண்டுபோனதோ, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1979இல் வெளியிட்ட பிடிபி-11/23 என்னும் 16 பிட் மினி கணினி. என் சித்தப்பா அதை ஓர் ஆய்வகத்தின் ஏலத்தில் எடுத்து, திருவையாற்று வீட்டில் நெற்குதிர் இருந்த அறையில் வைத்திருந்தார். ஐப்பசி, கார்த்திகை மழைகளின் ஈரத்தை அது ஆண்டுக்கணக்கில் குடித்திருந்தது. முன்பு வேறோர் ஊரில் காட்டியபோது, மூடியைக்கூடக் கழற்றாமல் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள்.

இங்கே என் நம்பிக்கையைப் பெற்ற முதல் செயல், அவர்கள் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்க மறுத்ததுதான். "சார், பவர் குடுக்குறது கடைசி வேலை" என்று சொல்லி, போர்டுகள் அனைத்தையும் உருவி எடுத்துவிட்டு, பவர் சப்ளையை மட்டும் தனியே மேசைக்குக் கொண்டுபோனார் மூத்த மெக்கானிக். நெடுநாள் கிடந்த எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜ் கொடுத்தால் அது சூடாகி வெடிக்கக்கூடும். ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்டேஜில் இணைத்து, உள்ளே கசியும் மின்சாரம் தணியத் தணிய நான்கு நாட்களில் படிப்படியாக ஏற்றினார்கள். தேறாத இரண்டை மாற்றினார்கள். பிறகு போர்டுகளுக்குப் பதிலாக ரெசிஸ்டர்களைச் சுமையாக வைத்து இயக்கியபோது 5.06 வோல்ட் காட்டியது. அந்தக் காலத்து டிடிஎல் வகை லாஜிக் சிப்புகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரையே ஏற்றது என்பதால், அந்த அளவைப் பார்த்த பிறகே போர்டுகளை உள்ளே விட்டார்கள்.

இந்தக் கணினியின் பிராசஸருக்குள்ளேயே ஓடிடி என்னும் சிறு கண்காணிப்பு வசதி இருக்கிறது. விசைப்பலகையும் திரையும் கொண்ட டெர்மினலை இணைத்தால் திரையில் @ குறி வரும். நினைவக முகவரியை எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம முறையில் (0 முதல் 7 வரை மட்டும்) தட்டி, அங்கிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம். நாங்கள் 0 எழுதிய இடங்களிலெல்லாம் 000100 என்றே திரும்பி வந்தது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஆறாம் பிட் மட்டும் ஒன்றாகவே நிற்கிறது, அதாவது அந்த பிட்டுக்கு உரிய 4116 என்னும் நினைவக சிப் போய்விட்டது என்று அந்த ஒரு விடையிலிருந்தே புரிந்தது. பழைய போர்டில் சிப்பை இழுத்தால் செம்புத் தடமும் சேர்ந்து பெயர்ந்து வரும். அதனால் பதினாறு கால்களையும் முதலில் வெட்டி, மிச்சத்தை ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுத்து, அந்த இடத்தில் சாக்கெட் வைத்தார் அங்கிருந்த இளைஞர். அந்த ஒரு மணி நேரமும் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு தடம்கூடத் தூக்கவில்லை. மாற்று சிப்பைச் சென்னை ரிச்சி தெருவில் தேடி வாங்கித் தந்தார்கள்.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். துடைப்பதற்காகப் போர்டுகளை எடுத்தபோது அவற்றின் வரிசையை யாரும் குறித்து வைக்கவில்லை. வீட்டில் லேப்டாப்பை டேப் டிரைவாக நடிக்க வைத்து, தொடக்க நிரலை ஓடிடி வழியே எண் எண்ணாகத் தட்டி, ஆர்டி-11 இயங்குதளத்தை ஏற்ற முயன்றேன், பாதியில் உறைந்துவிட்டது. இரண்டு இரவு கையேட்டைப் புரட்டிய பிறகே விளங்கியது. போர்டுகளை இணைக்கும் க்யூ-பஸ்ஸில், இன்டரப்ட்டுக்கு (பிராசஸரின் கவனத்தைக் கேட்டு ஒரு போர்டு அனுப்பும் சைகைக்கு) பிராசஸர் தரும் அனுமதி ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்குக் கைமாறிச் செல்ல வேண்டும். நடுவே ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் அது அங்கேயே அறுந்துவிடும். டெர்மினலையும் லேப்டாப்பையும் இணைக்கும் சீரியல் போர்டுக்கு முன்னால் அப்படி ஒரு காலி ஸ்லாட் இருந்தது. ஓடிடிக்கு இன்டரப்ட் தேவையில்லை என்பதால் பட்டறையில் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. போர்டை ஓர் இடம் நகர்த்தியதும் கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் ஆர்டி-11இன் புள்ளி திரையில் வந்தது. அதைப் பார்த்தபோது சித்தப்பா உடன் இல்லையே என்று மனம் கனத்தது.

தொலைபேசியில் சொன்னபோது மூத்தவர் மழுப்பாமல் ஏற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட இயந்திரத்தை அங்கே கொடுப்பதானால், கொடுக்கும் முன் போர்டுகளின் வரிசையை நீங்களே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிப்பின் விலை உட்பட மொத்தம் 9,400 ரூபாய் ஆயிற்று, ஐந்து வாரம் பிடித்தது. செய்த வேலைக்கு அது நியாயமான கூலி. எட்டு அங்குல ஃபிளாப்பி டிரைவைச் சீரமைக்கத் தங்களிடம் கருவி இல்லை என்று முதல் நாளே சொல்லித் திருப்பிக் கொடுத்ததையும் நான் மதிக்கிறேன். இரண்டாவது நினைவகப் போர்டு இன்னும் பழுதாகவே கிடக்கிறது. மழை ஓய்ந்து தை பிறந்ததும் அதையும் அவர்களிடமே கொடுக்கப் போகிறேன்.