ஜுபிடர் 125: தினமும் கிண்டிக்கு, அவ்வப்போது செஞ்சிக்கு

ஸ்கூட்டர் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, சக்கரத்தைப் பாருங்கள் என்பதுதான். எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு, ப்ளூடூத் உண்டா என்பதெல்லாம் அப்புறம். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. வாரம் முழுக்க ஆபீசுக்கும், நடுநடுவே சொந்த ஊருக்கும் ஒரே வண்டியில் போகிறவர்களுக்கு, பின்சக்கரம் 10 அங்குலமா 12 அங்குலமா என்பதில்தான் முதுகுவலியும் நிம்மதியும் இருக்கிறது.

நான் ஓட்டுவது டி.வி.எஸ். ஜுபிடர் 125. வாங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டது, முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. பெருங்களத்தூரிலிருந்து கிண்டி வரை ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் போய்வருகிறேன். அம்மா, அப்பா செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் வழியாக அங்கே போவதும் இதே வண்டியில்தான். ஒரு வழிக்கு 120 கி.மீ. பக்கம் வரும்.

வாங்கும் முன் நிறைய வண்டிகளைப் பார்த்தோம். 110 சிசி வண்டிகள் எடை குறைவு, விலையும் குறைவு. தனியாகப் போனால் அவையே போதும். ஆனால் பின்னால் ஆள் உட்கார்ந்தபிறகு மேம்பாலத்தில் ஏற்றினால், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் வண்டி தயங்கியது. அதனால் 125 என்று முடிவானது. ஹோண்டா ஆக்டிவா 125, சுசுகி ஆக்சஸ் 125 இரண்டிலும் எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஓட்டிப் பார்த்தபோது மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் இரண்டிலும் முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10. டி.வி.எஸ். என்டார்க்கில் இரண்டுமே 12, டயரும் அகலம். ஆனால் எடை 118 கிலோ. ஆபீஸ் பார்க்கிங்கில் நெருக்கி நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து தினமும் பின்னால் இழுத்து எடுக்க வேண்டிய எனக்கு, அதைவிட 10 கிலோ குறைந்த ஜுபிடர்தான் கைக்கு அடங்கியது. இதிலும் இரண்டு சக்கரமும் 12 அங்குலம்தான்.

யமஹா ஏராக்ஸ் 155-ஐயும் என் வீட்டுக்காரர் ஆசையாகப் பார்த்தார். 14 அங்குலச் சக்கரம், முன்பக்கம் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., ஏறக்குறைய 15 குதிரைத்திறன். நெடுஞ்சாலைக்கு என்று மட்டும் கேட்டால் என் பதில் அதுதான். ஆனால் கால் வைக்கும் இடத்தில் நடுவே மேடாக இருக்கும். காய்கறிப் பையோ அரிசிச் சிப்பமோ வைக்க முடியாது. புடவை கட்டி ஏறி இறங்குவதும் சிரமம்.

மின்சார ஸ்கூட்டரையும் யோசித்தோம். எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் கிடையாது, போடவும் சங்கத்தில் சம்மதிக்கவில்லை. அந்த வசதி இருந்து, போவதும் ஊருக்குள்ளேயே என்றால் இன்றைக்கு நான் பெட்ரோல் வண்டி வாங்கச் சொல்ல மாட்டேன்.

சக்கரத்துக்கு வருகிறேன். பள்ளம் ஒன்றுதான், ஆனால் சின்னச் சக்கரம் அதற்குள் முழுசாக இறங்கி எதிர் விளிம்பில் மோதும். பெரிய சக்கரம் பாதி இறங்கியதுமே மேலே ஏறிவிடும். இரண்டு அங்குல வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று கடையில் நிற்கும்போது தோன்றும். குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் மழைக்காலத்தில் ஓட்டிப் பார்த்தால் தெரியும். ஸ்கூட்டரில் எஞ்சினே பின்சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அமைப்பு. பின்னால் இருக்கும் அந்தக் கனம் முழுவதும் பள்ளத்தில் விழுந்து எழுகிறது. பைக்கைவிட ஸ்கூட்டர் அதிகம் தூக்கிப் போடுவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் பின்சக்கரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

ஜுபிடர் 125-இல் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், பெட்ரோல் டாங்க் சீட்டுக்குக் கீழே இல்லாமல் கால் வைக்கும் தளத்துக்கு அடியில் இருப்பது. கொள்ளளவு 5.1 லிட்டர். கனம் கீழே இருப்பதால் மெதுவாக ஊர்ந்து போகும் நெரிசலிலும் வண்டி ஒரு பக்கம் சாய்வதில்லை. சீட்டுக்குக் கீழே 33 லிட்டர் இடம் மிச்சமாகிறது. என் முழு ஹெல்மெட்டும் வீட்டுக்காரருடைய ஹெல்மெட்டும் உள்ளே போய்விடுகின்றன. கடைக்குப் போனால் ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்பது சின்ன வசதியாகத் தெரியலாம். பின்னால் உட்காருபவர் ஹெல்மெட் போடாமல் இருக்க முக்கியக் காரணமே, இறங்கியபின் அதை எங்கே வைப்பது என்பதுதான். பெட்ரோல் மூடி முன்பக்கம், கைப்பிடிக்குக் கீழே இருக்கிறது. பங்க்கில் வண்டியைவிட்டு இறங்க வேண்டியதில்லை.

மைலேஜ் நகர நெரிசலில் லிட்டருக்கு 45-ஐ ஒட்டி வருகிறது. ஊருக்குப் போகும்போது 60-இல் ஒரே சீராக ஓட்டினால் 50-ஐத் தாண்டுகிறது. 75-க்கு மேல் போனால் மளமளவென்று இறங்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்பதால், வேகம் கூடக்கூட காற்றைத் தள்ளுவதிலேயே எஞ்சினின் பலம் போய்விடுகிறது.

நெடுஞ்சாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 125 சிசி ஸ்கூட்டர் அங்கே தாங்குமா என்பதுதான் பலருடைய கேள்வி. எஞ்சின் தாங்கும். அந்தச் சந்தேகமே வேண்டாம். நால்வழிச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பு 80 கி.மீ. இந்த வண்டி அதைத் தொடும். ஆனால் நான் ஓட்டுவது 60-லிருந்து 65 வரைதான். எஞ்சினுக்காக அல்ல, எனக்காக. அந்த வேகத்தில் அதிர்வு கைக்கு வருவதில்லை, பிரேக் பிடித்தால் நிற்கிறது, பக்கத்தில் ஆம்னி பஸ் கடந்து போகும்போது அடிக்கிற காற்றுக்கு வண்டி ஆடினாலும் பிடிக்க முடிகிறது. பஸ் முன்னேறும் நொடியில் காற்று முதலில் வெளியே தள்ளும், அடுத்து உள்ளே இழுக்கும். அப்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். தோளைத் தளர்த்தி, முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை மாற்றாமல் போவதுதான் சரி. செங்கல்பட்டு தாண்டி பாலாற்றுப் பாலத்தில் பக்கக் காற்றும் அடிக்கும், பாலத்தின் இணைப்புகளில் வண்டியும் குதிக்கும். அங்கே வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

சாலையின் இடது ஓரத்தையே ஒட்டிப் போவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஓரத்தில் மணல் சேர்ந்திருக்கும், எதிர்த் திசையில் வண்டி வரும், விளக்கில்லாமல் லாரி நிற்கும். இடது வழித்தடத்தின் நடுவில், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போவதுதான் எனக்குச் சரிப்படுகிறது. சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணமில்லை. பரனூரில் ஓரமாகவே கடந்துவிடலாம். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் மட்டும் அந்த ஓரத்துக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

முந்திச் செல்வதில்தான் ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் உண்மையான வேறுபாடு. ஸ்கூட்டரில் நாம் மாற்றும் கியர் கிடையாது. முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது முன் புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் வெளியே தள்ளப்பட்டு, புல்லியின் இரண்டு பக்கத்தையும் நெருக்கும். பெல்ட் விளிம்பை நோக்கி மேலேறும். அதுதான் இதில் கியர் மாறுவது. நெரிசலில் இது வரம். ஆனால் 60-இல் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று திருகினால் முதலில் சத்தம்தான் கூடும், வேகம் ஒரு மூச்சு விட்டுத்தான் வரும். அதைக் கணக்கில் வைத்து, இடைவெளி தாராளமாக இருந்தால் மட்டும் முந்த வேண்டும். சந்தேகம் வந்தால் லாரிக்குப் பின்னாலேயே, தள்ளி, போய்க்கொண்டிருப்பேன். செஞ்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிரேக் விஷயத்தில், முன்னால் டிஸ்க் உள்ள மாடலையே வாங்குங்கள். விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து சி.பி.எஸ். கட்டாயம், இடது பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஏ.பி.எஸ். அல்ல, ஈரச் சாலையில் வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத்தான் செய்யும்.

திண்டிவனத்தில் பிரிந்து செஞ்சி சாலையில் நுழைந்ததும் சிக்கல் வேறு மாதிரி. அறுவடைக் காலத்தில் நெல், கேழ்வரகு, உளுந்து எல்லாம் சாலையிலேயே காயும். வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும் என்று கதிரோடு பரப்பி வைப்பார்கள். அதன்மேல் சின்னச் சக்கரம் ஏறினால் பிடிமானமே இருக்காது. அங்கே பிரேக்கையும் தொடக் கூடாது, கைப்பிடியையும் திருப்பக் கூடாது. தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்து, நேராகக் கடந்துவிட வேண்டும். ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா கொடுக்கும் அரிசியும் மல்லாட்டையும் (நிலக்கடலை) வண்டியில் ஏறும். அந்த மூட்டையைப் பின் சீட்டில் கட்டுவதைவிடக் கால் வைக்கும் இடத்தில் வைப்பது மேல். கனம் தாழ்வாக, நடுவில் இருக்கும். ஆனால் வைத்தபின் கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். மூட்டையில் இடித்தால் எடுத்துவிடுங்கள்.

மழை வெள்ளத்தைப் பற்றி ஒன்று. முடிச்சூர் பக்கம் தண்ணீர் தேங்குவது எல்லோருக்கும் தெரிந்ததே. ஸ்கூட்டரில் பெல்ட் இருக்கும் பெட்டியும் சைலன்சரும் தாழ்வாக இருக்கின்றன. பெல்ட் நனைந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. அப்படியானால் திருகிக்கொண்டே இருக்காமல் மேட்டுக்குத் தள்ளிப்போய் உலரவிட வேண்டும். நின்றுபோன வண்டியைத் தண்ணீருக்குள்ளேயே ஸ்டார்ட் செய்ய முயன்றால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகும். பிறகு செலவு பல ஆயிரம். முழங்கால் அளவு தண்ணீர் என்றால் நான் வண்டியை எடுப்பதேயில்லை, ரயில்தான்.

பராமரிப்பில், நெடுஞ்சாலைக்குப் போகும் ஸ்கூட்டருக்கு பெல்ட்தான் உயிர். தேய்ந்தால் முதலில் தெரிவது கிளம்பும்போது ஓர் உதறல், அப்புறம் மேல் வேகம் குறைவது. வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் தம்பி, இருபத்திநாலாயிரம் கிலோமீட்டர் வாக்கில் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஆனா நீங்க ஊருக்கெல்லாம் போறீங்க, வழியில அறுந்தா நடுரோட்டுல நிக்கணும். ரோலரோட சேத்து மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். கிளம்பும்போது இருந்த உதறல் போய், வண்டியின் இழுவை புதிதில் இருந்த மாதிரி திரும்பிவிட்டது. எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றுகிறோம். பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் கியர் ஆயிலைத்தான் மறந்துவிடுகிறோம். அளவு கொஞ்சம்தான், விலையும் கொஞ்சம்தான். சர்வீஸ் சீட்டில் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. சாலையின் தூசிக்கு ஏர் ஃபில்டரையும் புத்தகத்தில் போட்டிருப்பதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படி இல்லை. அதை ஒரு வருடத்துக்குத்தான் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஐந்து வருடம் என்று காகிதத்தில் பார்த்துவிட்டு எல்லாம் சேர்ந்தது என்று நினைத்து, அடுத்த வருடம் புதுப்பிக்காமல் விடுபவர்கள் நிறைய.

டயர் டியூப்லெஸ். ஆணி குத்தினாலும் உடனே இறங்காது. மதுராந்தகத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பழைய டயரைக் கம்பத்தில் தொங்கவிட்ட பஞ்சர் கடைகள் இருக்கின்றன, பகலில் கவலையில்லை. இருட்டில் அவை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. சீட்டுக்குக் கீழே சின்னப் பம்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் வைத்திருக்கிறேன். கிளம்புவதற்கு முந்தைய மாலை, டயர் சூடில்லாமல் இருக்கும்போது காற்று பார்த்துவிடுவேன். ஆள், மூட்டை ஏறப்போகிறதென்றால் பின் டயருக்குக் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றி அடிக்க வேண்டும். பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்துவிட்டதால் இந்த மழைக்கு முன் மாற்றினேன். கடையில் ஒரு சுற்று அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்றார்கள். அந்த ரிம்முக்கு அது பொருந்தாது, டயரின் வளைவு மாறி வளைவுகளில் வண்டி சாய்வதும் மாறிவிடும், மைலேஜும் இறங்கும். கம்பெனி கொடுத்த 90/90-12 அளவையே கேட்டு வாங்கிப் போட்டேன்.