150 மில்லிமீட்டர் ட்ரெயில் ஃபோர்க்: ராக்‌ஷாக்ஸ் லிரிக்கா, ஃபாக்ஸ் 36-ஆ?

ட்ரெயில் வகை மலைச் சைக்கிளுக்கு 150 மில்லிமீட்டர் டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கவை) வாங்குவோர் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் இந்த இரண்டுதான். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 2023 மாடலாக மாற்றியமைத்த லிரிக் அல்டிமேட்டும், 2021 மாடலில் புதிய வடிவம் பெற்ற, கிரிப் 2 டேம்பர் (அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) கொண்ட ஃபாக்ஸ் 36-உம் இங்கே ஒப்பிடப்படுகின்றன. லிரிக்கின் மேல்குழாய் விட்டம் 35 மில்லிமீட்டர், ஃபாக்ஸில் அது 36; எடை இரண்டிலும் 2 கிலோவை ஒட்டியே இருக்கிறது. இந்த ஒரு மில்லிமீட்டரை வைத்து விறைப்பைப் பற்றி நீண்ட வாதங்கள் நடக்கின்றன என்றாலும், சராசரி உடல் எடை கொண்டவர் அதை உணர்வது அரிது என்றே கருதுகிறேன்.

உண்மையான வேறுபாடு டேம்பரில் இருக்கிறது. கிரிப் 2-இல் கம்ப்ரஷன் (அமுங்குதல்), ரீபவுண்ட் (மீளுதல்) ஆகிய இரண்டுக்கும் மெதுவான அசைவுக்கு ஒன்று, வேகமான அசைவுக்கு ஒன்று என மொத்தம் நான்கு திருகுகள் உண்டு. பெரிய பாறையில் மோதி முழுதும் அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகத்தில் மீள வேண்டும் என்பதை, சிறு மேடுகளில் அது மீளும் வேகத்தைத் தொடாமலேயே மாற்ற முடிவது, உடல் எடை அதிகமாகி ஏர் ஸ்ப்ரிங்கில் (ஃபோர்க்கைத் தாங்கும் காற்று ஸ்ப்ரிங்) கூடுதல் அழுத்தம் வைப்பவருக்குப் பெரிய வசதி. ஆனால் எந்தத் திருகு எதற்கு என்று பொறுமையாகக் கற்காதவர், நான்கையும் குழப்பிவிட்டு ஃபோர்க்கைக் குறை சொல்வதும் வழக்கம்தான்.

லிரிக்கின் சார்ஜர் 3 டேம்பரில் ரீபவுண்டுக்கு ஒரே திருகுதான். கம்ப்ரஷனுக்கு இரண்டு உண்டு. ஒன்றைத் திருப்பினால் மற்றதன் தன்மை மாறாது என்பதே அதன் முதன்மை வாக்குறுதி. வேகமான கம்ப்ரஷனுக்கு ஐந்தே நிலைகள். நடுநிலையில் வைத்துத் தொடங்கி, அமுங்குவது மென்மையாகத் தோன்றினால் ஒரு படி கூட்டினால் போதும். இந்த எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது. இதனுடன், டேம்பர் தண்டின் அடியிலும் ஸ்ப்ரிங் தண்டின் அடியிலும் பட்டர்கப் எனப்படும் சிறு ரப்பர் வில்லைகள் வைக்கப்பட்டுள்ளன. நீண்ட இறக்கத்தில் பொடிக்கற்கள் கைகளுக்குக் கடத்தும் நடுக்கத்தை அவை ஓரளவு தணிக்கின்றன. விளம்பரம் சொல்லும் அளவுக்கு அதிசயம் எதுவும் இல்லை.

கீழ்க்கால்களில் (மேல்குழாய்கள் நுழையும் கீழ்ப்பகுதி) அடைபட்ட காற்றை வெளியேற்ற இரண்டிலும் சிறு பொத்தான்கள் உண்டு. கனடாவின் விஸ்லர் மலைச் சைக்கிள் பூங்கா போன்ற இடத்தில் லிஃப்ட்டில் ஏறி, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் கூடிய பின் அவற்றை அழுத்தினால் 'உஸ்' என்று காற்று வெளியேறும். அதன் பிறகு டிராவலின் தொடக்கம் மீண்டும் இளகிவிடும். 36-இன் அச்சு சற்று மிதக்கும் வகையில் அமைந்திருப்பதால், ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) அகலத்துக்கு ஏற்பக் கால்கள் தாமாகவே சரியான இடத்தில் நிற்கின்றன. உரசலைக் குறைக்கும் இந்த ஏற்பாட்டில் 36 ஒரு படி முன்னே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு பற்றி நிறுவனங்கள் கூறுவது கவனிக்கத்தக்கது. லிரிக்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டும். டேம்பருக்கும் ஸ்ப்ரிங்குக்கும் 200 மணி நேரம். 36-க்கு 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. கீழ்க்கால் வேலையை வீட்டிலேயே செய்துகொள்பவருக்கு லிரிக் ஏற்றது. வருடத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுபவருக்கு 36 வசதி.

வாங்கும் முன், ஃபிரேம் எவ்வளவு டிராவலை ஏற்கும் என்ற வரம்பைப் பார்க்க வேண்டும். டிராவல் 10 மில்லிமீட்டர் கூடினால் ஹெட் கோணம் (ஃபிரேமின் முன்குழாய் சாய்ந்திருக்கும் கோணம்) ஏறத்தாழ அரை டிகிரி சாய்கிறது, பெடல் அச்சும் சற்று உயர்கிறது. உங்கள் ஃபிரேம் 140-க்கு மேல் ஏற்காது என்றால் 36 பட்டியலிலிருந்தே நீங்கிவிடும், ஏனெனில் இந்த மாடல் 29 அங்குலச் சக்கரத்துக்கு 150, 160 அளவுகளில்தான் வந்தது. லிரிக்கில் 140-உம் உண்டு. ஏற்றமே பிரதானம் என்போர் 34 மில்லிமீட்டர் குழாய் கொண்ட ஃபாக்ஸ் 34-ஐப் பார்க்கலாம்.

வரம்பு தடையில்லை என்றால், பெரும்பாலானோருக்கு லிரிக்கையே சொல்வேன். உடல் எடை 90 கிலோவைத் தாண்டியவருக்கும், திருகுகளோடு பொழுதுபோக்க விரும்புபவருக்கும் 36 சரி; ஆனால் அவர்கள் குழாய்களில் உரசலைக் குறைக்கும் தங்க நிறக் கஷிமா பூச்சுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. இந்த மாடலின் பெர்ஃபார்மன்ஸ் எலைட் என்ற கறுப்புக் குழாய் வகையிலும் அதே கிரிப் 2 டேம்பர்தான் இருக்கிறது.