ஏழு பேருக்கு ஒரு வண்டி: ரூமியன், எர்டிகா டர்பன் குடும்பங்களுக்குச் சரிப்படுமா?

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தாத்தா பாட்டியோடு சேர்ந்திருக்கும் வீடுகளில் வண்டி வாங்கும் பேச்சு எழுந்தால் முதலில் வருவது ஆள் கணக்குதான். ஐந்து இருக்கை எஸ்யூவி பார்க்க எடுப்பாக இருக்கும். தைப்பூசத்தன்று ஆறாவது ஆள் எங்கே உட்காருவார் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. பாக்கி என்னும் பிக்கப் வண்டி வைத்திருக்கும் வீட்டிலும் இதே பாடுதான். இரண்டு வண்டி எடுத்தால் பெட்ரோலும் இரண்டு மடங்கு, கோயில் பக்கத்தில் நிறுத்த இடமும் இரண்டு தேட வேண்டும். 3 லட்சம் ராண்டை ஒட்டிய பட்ஜெட்டில் ஏழு இருக்கை என்று தேடினால் டொயோட்டா ரூமியனும் சுஸுகி எர்டிகாவும்தான் முதலில் கண்ணில் படும்.

இரண்டும் ஒரே வண்டி. இந்தியாவில் மாருதி சுஸுகி செய்யும் எர்டிகாவைத்தான் முன்முகத்தை மாற்றி, டொயோட்டா சின்னம் பொருத்தி, 2021 முதல் தென்னாப்பிரிக்காவில் ரூமியன் என்று விற்கிறார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், இருக்கை, அடித்தளம் எதிலும் வேறுபாடில்லை. அதனால் எது நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் யாருடைய சர்வீஸ் இருக்கிறது, வாரண்டியும் சர்வீஸ் பிளானும் எத்தனை கிலோமீட்டர் வரை, மறுவிற்பனையில் யாருக்கு மதிப்பு என்ற மூன்றை மட்டும் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள். டொயோட்டா சின்னத்துக்குப் பழைய வண்டிச் சந்தையில் கிராக்கி அதிகம். அதே காரணத்தால் செகண்ட் ஹேண்டில் எர்டிகா மலிவாகக் கிடைக்கும். ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டப்போகிறவருக்கு எர்டிகாவே லாபம்.

எஞ்சின் 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. திறன் 77 கிலோவாட், முறுக்கு விசை 138 நியூட்டன் மீட்டர். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதால், குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் பெரிய செலவு வராது. ஆனால் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும்தான் முதலில் அடிவாங்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினை உயிர்ப்பிக்கும்போது முன்பக்கம் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்தால், அந்த வண்டிக்கு நேரத்துக்கு எண்ணெய் மாற்றவில்லை என்று சந்தேகப்படலாம்.

உட்காரும் வசதிதான் இந்த வண்டியின் உயிர். தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடைவெளி 180 மி.மீ. என்பதால் இருக்கையின் உயரம் இடுப்பு மட்டத்துக்குப் பக்கத்தில் வருகிறது. முழங்கால் வலி உள்ள பாட்டி குனிந்து இறங்கவும் வேண்டாம், புடவையைத் தூக்கிக்கொண்டு ஏறவும் வேண்டாம். நடுவரிசை முன்னும் பின்னும் நகரும், சாயும். கடைசி வரிசையில் தரை மேடாக இருப்பதால் பெரியவர்களுக்கு முழங்கால் மார்புப் பக்கம் வந்துவிடும். பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு அது தாராளம், பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் வரை தாங்கும். ஆகவே பெரியவர்களை நடுவரிசையிலும் பிள்ளைகளைப் பின்னாலும் உட்காரவைப்பதே சரியான ஏற்பாடு. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைக்கு இந்த நாட்டில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். அதை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி நடுவரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கிறது. குழந்தை இருக்கை ஏறிய பக்கத்தை மடித்துப் பின்னால் போக முடியாது. எனவே கடைசி வரிசைக்கு ஏறி இறங்க எந்தப் பக்கம் என்பதை ஷோரூமிலேயே உங்கள் சொந்தக் குழந்தை இருக்கையை மாட்டிப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

டிக்கியைப் பற்றி விற்பனையாளர் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கையில் இடம் 209 லிட்டர், அதாவது இரண்டு சின்னப் பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். கடைசி வரிசையை மடித்தால் 550 லிட்டர். அப்போது கல்யாணத்துக்குச் சமைத்த அண்டா இரண்டை நிமிர்த்தி வைக்கலாம். ஏழு பேரும் ஏழு பேரின் சாமானும் இதில் ஒருநாளும் சேர்ந்து போகாது. இதை ஐந்து பேருக்கும் பெரிய டிக்கிக்குமான வண்டியாக வாங்கி, கடைசி இரண்டு இருக்கையை உபரியாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

இடம் மட்டுமில்லை, எடையும் ஒரு வரம்பு. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கில் டேர் (வெறும் வண்டியின் எடை) என்றும் ஜிவிஎம் (பாரத்தோடு வண்டியின் உச்ச எடை) என்றும் இரண்டு எண் அச்சிட்டிருக்கும். ஜிவிஎம்மிலிருந்து டேரைக் கழித்தால் வருவதுதான் ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ஏற்றக்கூடிய எடை. ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தாலே ஏழு பேருக்கு 490 கிலோ ஆகிவிடுகிறது. மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் கூரையில் கேரியர் போடும் யோசனைக்கே போக வேண்டும். பாரம் ஏறும் நாளில் டயர் காற்றையும், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் முழுப்பாரத்துக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள். வழக்கமான காற்றோடு முழுப்பாரம் ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டர்பனுக்குள் ஓட்ட இந்த எஞ்சின் தாராளம். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் சொந்தம் இருக்கிறது, வருடத்தில் நாலைந்து தடவை என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோஹன்னஸ்பர்க் போகிறோம் என்றால் கணக்கு மாறும். கடல் மட்டத்திலிருந்து புறப்பட்டு சுமார் 570 கி.மீ. ஓடி 1,750 மீட்டர் உயரத்தில் போய்ச் சேரும் பாதை அது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 விழுக்காடு திறனை இழக்கும், காரணம் மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஆக, 77 கிலோவாட் மேலே சேரும்போது 64 அளவுக்கு இறங்கிவிடும். முறுக்கு விசையின் உச்சமும் நிமிடத்துக்கு 4,400 சுற்றில்தான் கிடைக்கிறது. வழியில் டவுன் ஹில் என்ற ஏற்றத்திலும் வான் ரீனன் கணவாயிலும் ஐந்தாவது கியரிலேயே முக்கவிடாமல் முன்கூட்டியே நான்குக்கும், லாரிக்குப் பின்னால் மாட்டினால் மூன்றுக்கும் இறக்கி, 4,000 சுற்றுக்கு மேல் விடுங்கள். எஞ்சின் இரைச்சல் போடும், அதனால் கெடுதல் இல்லை. ஐந்தாவதில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து இழுப்பதுதான் கெடுதல். இறங்கும்போதும் அதே கியர்தான். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் என்பதால், பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும்.

ஆட்டோமேட்டிக் கேட்பவர்கள் அதிகம். இந்த வண்டியில் வருவது பழைய பாணி நான்கு கியர் பெட்டி. ஊருக்குள் நெரிசலில் சுகமாக, நம்பகமாக உழைக்கும். மலையேற்றத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருப்பதால் மாறி மாறித் தடுமாறும். அங்கே லீவரில் உள்ள ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்து மூன்றாவதிலேயே நிறுத்திவைக்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் பயணம் அதிகம் என்றால் மேனுவலே எங்கள் தேர்வு. பெட்ரோல் 100 கி.மீ.க்கு ஆறரை முதல் ஏழரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் 45 லிட்டர்தான். நாலு பேரோடு நிதானமாகப் போனால் ஒரே டேங்கில் ஜோஹன்னஸ்பர்க் சேரலாம், ஏழு பேரோடு அதை நம்ப வேண்டாம்.

இனி பாதுகாப்பு. இந்த வண்டியை மனமார முழுதாகப் பரிந்துரைக்க முடியாமல் தடுப்பது இதுதான். வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்சிஏபி அமைப்பு 2024-ல் ஆப்பிரிக்கச் சந்தைக்கான எர்டிகாவை மோதிப் பார்த்ததில், பெரியவர் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் குழந்தைப் பாதுகாப்புக்கு இரண்டு நட்சத்திரமும்தான் கிடைத்தன. உடற்கூடு நிலையற்றது என்றும் அறிக்கை சொன்னது. அதே கூட்டில் வரும் ரூமியனையும் அதே கண்ணோடு பார்ப்பதுதான் நியாயம். பள்ளி, கடை, கோயில் என்று 60-க்குள் ஓடும் வீட்டுக்கு இதை ஏற்றுக்கொள்ளலாம். வாரம் தவறாமல் பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் 120-ல் போகும் குடும்பம், பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்டி, பக்கவாட்டு, திரை ஏர்பேக் உள்ள வண்டியையோ இரண்டு மூன்று வருடம் ஓடிய மேல்தர வண்டியையோ பார்ப்பது நல்லது. எந்த வண்டியானாலும் நடுவரிசையின் நடு இருக்கையில் பெல்ட் தோளுக்கு மேல் வருகிறதா, இடுப்போடு நின்றுவிடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் அங்கே குழந்தையை உட்காரவைக்க வேண்டாம்.

மாற்று என்றால் டொயோட்டா அவான்ஸா முதலில் நிற்கும். 2022-ல் வந்த புதிய அவான்ஸா முன்சக்கர இழுப்பு, ஆட்டோமேட்டிக்கில் சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத பெட்டி என்பதால் ஏற்றத்தில் ரூமியன் ஆட்டோமேட்டிக்கைவிட ஒழுங்காக ஏறும், தரை இடைவெளியும் கூடுதல். விலையும் கூடுதல். அதற்கு முந்தைய அவான்ஸா பின்சக்கர இழுப்பு, முரட்டு உழைப்பாளி. பள்ளிப்பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓடிய வண்டிகள் அதில் நிறைய உண்டு என்பதால் மீட்டரை மட்டும் நம்பாமல் பெடல் ரப்பர், பெல்ட் நுனி, கடைசி இருக்கைத் துணி மூன்றையும் பாருங்கள். ரெனோ ட்ரைபர் மலிவு. 52 கிலோவாட்டில் ஏழு பேரை வைத்துக்கொண்டு மலையேற நினைக்க வேண்டாம்.

கடலோரத்தில் ஓடிய பழைய வண்டி என்றால் பாலிஷ் பளபளப்பில் மயங்காமல் அடியில் பாருங்கள். உதிரிச் சக்கரம் இதில் உடலுக்கு வெளியே, அடியில் தொங்குகிறது. உப்புக்காற்றில் அதன் கேபிளும் திருகும் துருப்பிடித்து இறுகிவிட்டால் நடுரோட்டில் கழற்றவே வராது. வாங்கும் முன் ஒருதடவை இறக்கி ஏற்றச் சொல்லுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சக்கர வளைவின் உள்மடிப்பு, பின்கதவின் அடிவிளிம்பு, கடைசி இருக்கையின் தண்டவாளம் ஆகிய இடங்களில் துரு முதலில் தலைகாட்டும். மேடான சந்துகளில் ஓடிய மேனுவல் என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும். நான்காவதில் 50-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். நடுப்பகலில் ஏழு பேர் ஏறி ஏசியைப் போட்டு, கடைசி வரிசையில் இருபது நிமிடத்தில் குளிர் சேருகிறதா என்றும் பாருங்கள். டர்பன் புழுக்கத்தில் அது சொகுசு இல்லை, தேவை.

கடனில் பலூன் என்று ஒன்றைக் காட்டி மாதத் தவணையைக் குறைப்பார்கள். 3 லட்சம் ராண்ட், 11 விழுக்காடு வட்டி, 72 மாதம் என்று வைத்தால் தவணை ஏறத்தாழ 5,710 ராண்ட். 30 விழுக்காடு பலூன் வைத்தால் அது 4,820-க்கு இறங்கும். ஆனால் ஆறு வருடம் கழித்து 90,000 ராண்ட் ஒரே தொகையாகக் கட்ட வேண்டும், மொத்தத்தில் சுமார் 26,000 கூடுதலாகப் போய்விடும். அன்றைக்கு ஆறு வயது வண்டியை விற்றால் 90,000 தேறலாம், ஆனால் கையில் வண்டி இருக்காது. பலூன் இல்லாமல் தவணை கட்ட முடியாதென்றால் அந்த விலை வண்டி உங்களுக்கு இல்லை, இரண்டு வருடம் பழையதைப் பாருங்கள்.

பழையதை வாங்கும்போது பதிவுத்தாளில் கோடு 2 (ஏற்கெனவே ஓடிய வண்டிக்கான குறியீடு) என்று இருக்க வேண்டும். கோடு 3 என்றால் மோதலிலோ வெள்ளத்திலோ கழித்துக்கட்டி மறுபடி கட்டப்பட்ட வண்டி, காப்புறுதி கிடைப்பதும் கடினம். டீலர் ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி என்று கையெழுத்து கேட்டாலும் அஞ்ச வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி டீலர் விற்ற வண்டியில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பு, மாற்று வண்டி, பணம் திரும்ப என்ற மூன்றில் ஒன்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ரோட்வொர்த்தி, அதாவது சாலையில் ஓடத் தகுதி உள்ளது என்ற சான்று கையில் வந்த பிறகு மீதிப்பணத்தைக் கொடுங்கள், 21 நாளுக்குள் பெயரை மாற்றிவிடுங்கள்.