ஃபிரேமுக்குள் சீல் வைத்து வரும் ஊமைப்பட லாபி கார்டு: உஷார்

ஊமைப்படக் காலத்துச் சரித்திரப் படங்களின் லாபி கார்டு, அதாவது தியேட்டர் முகப்பில் மாட்டிய விளம்பர அட்டை, சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'த குயின் ஆஃப் ஷீபா' கார்டு ஃபிரேமோடு விலைக்கு வந்தால் அவசரப்படாதீர்கள். 1921இல் ஃபாக்ஸ் எடுத்த படம் அது. ராணியாக பெட்டி பிளைத், இயக்கம் ஜே. கோர்டன் எட்வர்ட்ஸ். 1937இல் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரியில் ஃபாக்ஸின் பிலிம் கிடங்கு தீப்பிடித்து, அவர்களுடைய ஊமைப்படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. ஷீபாவை இன்று முழுசாகப் பார்க்க வழியில்லை. அதனால்தான் அந்த அட்டைக்கு இவ்வளவு கிராக்கி. போலிக்காரர்களுக்கும் அதுவே வசதி.

நான் வாங்கியது ஆன்லைனில், 420 டாலருக்கு. விற்றவர் காட்டிய படங்கள் அசல் கார்டுடையவை என்றே இப்போதும் நினைக்கிறேன். தேர்ப் பந்தயக் காட்சி, ஒரே பழுப்பு மை, இடது மேல் மூலையில் டிராயிங் பின் குத்திய துளை, துளையிலிருந்து ஓரம் வரை ஒரு கிழிசல். பின்பக்கம் கேட்டேன், அதையும் அனுப்பினார்.

வந்ததோ கண்ணாடி போட்ட ஃபிரேம். ஃபிரேம் பற்றிப் பேச்சே இருந்ததில்லை. பின்னால் தாள் ஒட்டி, 'பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று ஸ்டிக்கர். கூடவே தங்க முத்திரை குத்திய சான்றிதழ் வேறு. யார் சோதித்தார், எப்படிச் சோதித்தார் என்று அதில் ஒரு வரி கிடையாது.

சூட்சுமமே அந்த ஸ்டிக்கரில்தான். முன்னால் மவுன்ட் அட்டை நான்கு ஓரத்தையும் மூடிவிட்டதால் 11க்கு 14 அங்குலம் இருக்கிறதா என்று அளக்க முடியாது. தடவிப் பார்க்க முடியாது. பின்பக்கமும் தெரியாது. பிரிக்காமல் போலி என்று நிரூபிக்க முடியாது, பிரித்தால் பணம் வராது!

போனில் வீடியோ ஓடவிட்டுப் பிரித்தேன். மூலையில் துளை இருந்தது, நிழலோடு தத்ரூபமாக. விரலை வைத்தால் வழவழ. திருப்பினால் பின்பக்கத்தில் துளையே இல்லை. துளையும் கிழிசலும் சேர்ந்தே அச்சாகியிருந்தன! பூதக்கண்ணாடியில் பார்த்தால் பழுப்புக்குள் நீலம், ரோஸ், மஞ்சள் புள்ளிகள். ஒரே மையில் அடித்த கார்டில் அந்தப் புள்ளிகளுக்கு என்ன வேலை? யு.வி. டார்ச் அடித்தேன், பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. தாளில் அப்படி ஒளிரும் வெண்மையூட்டிகளைச் சேர்ப்பது 1950ஐ ஒட்டித்தான் பரவியது. நீளத்தில் அரை அங்குலம் குறைவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரீப்ரிண்ட் விற்பதில் தப்பில்லை. ரீப்ரிண்ட் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் நானே ஒன்று வாங்கி மாட்டுவேன்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "பிரித்தது நீங்கள்தானே" என்று பதில். அப்புறம் 80 டாலர் தருகிறேன், நல்ல ரிவ்யூ போடுங்கள் என்று பேரம். கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்து, வீடியோவையும் அவர் முதலில் அனுப்பிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் பணம் திரும்பியது. நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால் அவ்வளவுதான்.

வாங்குவதானால், ஃபிரேம் இல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள். அன்றைய தேதி எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து, யு.வி. வெளிச்சத்தில் ஒரு படம் கேளுங்கள். அசல் கையில் இருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. என்னிடம் விற்றவர் இப்போது வேறு பெயரில் அதே படங்களைப் போட்டிருக்கிறார். இடது மேல் மூலைக் கிழிசலைப் பார்த்தால் தெரியும். விலை 460 ஆகியிருக்கிறது.